ஸ்காண்டிநேவியக் கப்பல் பயணம்: கரையில் நாமாகவே சுற்றலாமா?

கேள்வி: ஜூன் மாதம் அம்மா, அப்பாவுடன் கோபன்ஹேகனில் கப்பல் ஏறுகிறேன். ஓஸ்லோ, ஸ்டாவாங்கர், பெர்கன், ஃப்ளோம், கெய்ராங்கர், கடைசியாக ஸ்டாக்ஹோம். கப்பல் நிறுவனம் விற்கிற கரைச் சுற்றுலாக்களின் விலையைப் பார்த்தால் மூன்று பேருக்குக் கட்டுப்படியாகாது போலிருக்கிறது. நாங்களாகவே இறங்கிச் சுற்றிவிட்டு வரலாமா? நேரத்துக்குத் திரும்ப முடியாமல் கப்பல் போய்விட்டால் என்ன ஆகும்? அப்பாவால் அதிகம் நடக்க முடியாது.

பதில்:

தாராளமாகச் சுற்றலாம். ஆனால் எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே முடிவாக எடுக்காதீர்கள். ஓஸ்லோ, ஸ்டாவாங்கர், பெர்கன், ஸ்டாக்ஹோம் நான்கிலும் கப்பல் சுற்றுலா வாங்குவது என் கணக்கில் வீண் செலவு. ஃப்ளோமில் ரயில் சீட்டு கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது. கெய்ராங்கரில் மட்டும் கப்பல்காரர்களால் செய்ய முடிகிற ஒன்று நம்மால் முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த ஊராக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது, கப்பல் எந்த மேடையில் நிற்கப் போகிறது என்பதைத்தான். விளம்பரத்தில் 'ஸ்டாக்ஹோம்' என்று போட்டிருப்பார்கள். பெரிய கப்பல்கள் பல நிற்பது நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள நைனஸ்ஹாம்னில். பெர்கனில் ஸ்கோல்டன் மேடை என்றால் இறங்கி நடந்தாலே பழைய ஊர் வந்துவிடும். யெக்தெவிக்கன் பக்கம் என்றால் அது சரக்குத் துறைமுகம், உள்ளே நடக்க விடமாட்டார்கள், அவர்கள் விடும் பேருந்தில்தான் வெளியே வர வேண்டும். கோபன்ஹேகனிலும் அப்படித்தான்: லாங்கலினி மேடை கடற்கன்னி சிலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஓஷன்காய் ஊருக்கு வெளியே. இந்த விவரம் அந்தந்தத் துறைமுகத்தின் இணையதளத்தில் கப்பல் வரவுப் பட்டியலாகவே கிடைக்கும். அதே பட்டியலில் அன்றைக்கு வேறு எத்தனை கப்பல்கள் வருகின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள். பெரிய கப்பல்கள் சில ஒரே காலையில் வந்தால் பெர்கன் மலை ரயிலுக்கு நிற்கும் வரிசை திருப்பதி தரிசன வரிசையைப் போல நீளும்.

இப்போது கப்பல் போய்விடுமோ என்கிற பயம். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் அடுத்த ஊருக்கு அவர்கள் செலவிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நாமாகப் போனால் இரண்டும் கிடையாது. கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. பின்னது வழக்கமாக அரைமணி நேரம் முன்னால் இருக்கும். அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்பே மேடைக்கு வந்துவிடுவதாகத் திட்டம் போடுங்கள். நடந்தே திரும்பக்கூடிய ஊர் என்றால் ஒரு மணி நேரம் போதும். கேபினுக்கு வரும் தினசரித் தாளில் அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைப் பார்க்கும் உள்ளூர் முகவரின் தொலைபேசி எண் இருக்கும். இறங்குவதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான். பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டால் அதன் நகலும் விசாப் பக்கத்தின் நகலும் கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் யோசித்து வையுங்கள்: தவறவிட்டால் அடுத்த ஊருக்கு எப்படிப் போவது? ஸ்டாவாங்கரிலிருந்து பெர்கனுக்கு நேரடிப் பேருந்து உண்டு, சுமார் 5 மணி நேரம், விமானமும் உண்டு. பெர்கனிலிருந்து ஃப்ளோமுக்கு ரயில் இருக்கிறது, மிர்டாலில் மாறினால் போதும். ஆனால் ஃப்ளோமிலிருந்து கெய்ராங்கருக்குப் போவது பெரும்பாடு. மலையும் ஃபியோர்டுமாக (மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் குறுகிய கடல்) சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். அதனால் ஸ்டாவாங்கரிலும் பெர்கனிலும் கொஞ்சம் துணிந்து தூரம் போகலாம். ஃப்ளோமில் கடைசி ரயில், கடைசிப் படகு என்று எதையும் நம்பி இருக்கக் கூடாது.

நேரக் குழப்பம் உங்கள் பாதையில் வராது. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றுக்கும் ஒரே நேரம். ஹெல்சிங்கி, தாலின் போகிற கப்பல் என்றால் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். கைபேசி தானாக மாறிவிடும், கப்பல் மாறியிருக்காது, அல்லது நேர்மாறாக. அப்படிப்பட்ட பாதையில் போகிறவர்கள் கப்பல் நேரத்தில் ஓடும் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்வது நல்லது.

சரி, ஊர் ஊராக வருவோம். ஓஸ்லோவில் கப்பல்கள் பெரும்பாலும் அக்கர்ஷூஸ் கோட்டைக்குக் கீழேயே நிற்கின்றன. இறங்கி நடந்தால் நகர மண்டபம், இன்னொரு பக்கம் 2008இல் திறந்த ஓபரா மாளிகை. அதன் சாய்ந்த வெள்ளைக் கூரைமேல் யாரும் ஏறிப் போகலாம், கட்டணம் இல்லை. 12ஆம் எண் டிராமில் ஏறினால் விகலாண்ட் பூங்கா. 200க்கும் மேற்பட்ட சிலைகள், அதற்கும் கட்டணம் இல்லை. ஓஸ்லோ நகரப் போக்குவரத்தின் ரூட்டர் செயலியில் நாள் சீட்டு ஒன்று எடுத்துவிட்டால் டிராம், பேருந்து, மெட்ரோ எல்லாவற்றிலும் போகலாம். ஒரு எச்சரிக்கை: பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். அது 2022இல் மூடப்பட்டது. பெரிதாகக் கட்டி 2027இல் திறப்பதாகத் திட்டம். அதே பிக்டோய் பகுதியில் இருக்கும் ஃப்ராம் அருங்காட்சியகம் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அமுண்ட்சன் தென்துருவப் பயணத்துக்கு எடுத்துப்போன கப்பலையே கட்டடத்துக்குள் நிறுத்தியிருக்கிறார்கள், உள்ளே ஏறிப் பார்க்கலாம்.

ஸ்டாவாங்கரில் கப்பல் ஊருக்கு நடுவிலேயே வந்து நிற்கும். கேபின் ஜன்னலிலிருந்தே பழைய ஸ்டாவாங்கரின் வெள்ளை மரவீடுகள் தெரியும். அதைச் சுற்றிக் காட்ட ஒரு 'நடைச் சுற்றுலா' விற்பார்கள் பாருங்கள், அதற்குப் பணம் கொடுக்க எனக்கு மனம் வராது. மூவருமாக லீசஃபியோர்ட் படகில் போய் வாருங்கள். துறைமுகத்திலிருந்தே கிளம்பும், மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். 604 மீட்டர் உயரத்தில் மேசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பிரெய்கஸ்டோலன் பாறையைக் கீழேயிருந்து பார்க்கலாம். நீங்கள் மட்டும் அந்தப் பாறைமேல் ஏற ஆசைப்பட்டால், போக 4, வர 4 கிலோமீட்டர். மலைநடைக்கு நாலைந்து மணி நேரம் வேண்டும். முன்பு படகு மாறிப் போக வேண்டியிருந்தது. 2019 டிசம்பர் கடைசியில் ரீஃபில்க கடலடிச் சுரங்கப்பாதை திறந்த பிறகு ஸ்டாவாங்கரிலிருந்து பேருந்து நேராகப் போகிறது. கப்பல் ஒன்பது மணி நேரமாவது நிற்கிறது என்றால் மட்டும் இதை யோசியுங்கள். அதற்குக் குறைவென்றால் வேண்டாம். மழை பெய்து பாறை வழுக்கினால் உங்கள் கணக்கெல்லாம் தப்பிவிடும்.

பெர்கனில் எல்லோரும் செய்வது இரண்டு: பிரிக்கன் மரக்கட்டட வரிசை, ஃப்ளோயன் மலை ரயில். செய்ய வேண்டியவைதான் இரண்டும். பிரிக்கன் 1979இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது; ஹன்சா என்ற ஜெர்மானிய வணிகக் கூட்டமைப்பினர் கருவாட்டு வியாபாரம் செய்த இடம். இப்போது நிற்கும் கட்டடங்கள் 1702 தீ விபத்துக்குப் பிறகு பழைய அமைப்பிலேயே எழுப்பப்பட்டவை. முன்பக்க வண்ண வரிசையைப் படம் பிடித்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். கட்டடங்களுக்கு இடையே போகும் மரப்பலகைச் சந்துகளுக்குள் நுழைந்து பாருங்கள், அங்கேதான் அந்த ஊரின் வாசனை இருக்கிறது. மலை ரயில் 1918லிருந்து ஓடுகிறது, சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள். காலை ஒன்பதரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே போகாதீர்கள், கப்பல் சுற்றுலாக் கூட்டம் முழுவதும் அப்போதுதான் வரும். இறங்கியதும் முதல் வேலையாகப் போய்விடுங்கள், இல்லையென்றால் மதியத்துக்கு மேல். படிகள் ஏறத் தேவையில்லை, அப்பாவுக்குச் சிரமம் இருக்காது. மழை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர். காற்றில் குடை நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப்போங்கள். மீன் சந்தையில் வேடிக்கை பாருங்கள், சாப்பிட உட்காராதீர்கள். விலை முழுக்க நம்மைப் போன்றவர்களுக்காகவே வைத்தது.

ஃப்ளோம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டமிட்டவருக்கும் திட்டமிடாதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரிகிற ஊர் இது. சில நூறு பேர் வாழும் கிராமம். அங்கே மூவாயிரம் பேருடன் ஒரு கப்பல் வந்து நிற்கிறது. அத்தனை பேருக்கும் வேண்டியது ஃப்ளோம் ரயில். 1940இல் ஓடத் தொடங்கிய இந்தப் பாதை 20 கிலோமீட்டர் நீளம்தான். அதற்குள் கடல் மட்டத்திலிருந்து 866 மீட்டர் உயரத்திலுள்ள மிர்டால் வரை ஏறுகிறது, 20 சுரங்கங்கள். வழியில் ஷோஸ்ஃபோசன் அருவியருகே ஐந்து நிமிடம் நிறுத்துவார்கள். கோடையில் சிவப்பு உடை அணிந்த ஒரு பெண் அருவிப் பாறையில் தோன்றி ஆடுவாள். நாட்டுப்புறக் கதைகளில் வரும் ஹுல்ட்ரா என்கிற மோகினியாம். கொஞ்சம் நாடகத்தனம்தான், ஆனாலும் ரயில் முழுக்கக் கைபேசியோடு இறங்கி நிற்கும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

இந்த ரயிலின் இருக்கைகளில் பெரிய பங்கைக் கப்பல் நிறுவனங்களே முன்பதிவு செய்து வாங்கிவிடும். மீதியைத்தான் நாம் எடுக்க முடியும். ஆகவே உங்கள் தேதிக்கு இணையத்தில் விற்பனை திறந்த அன்றே போக, வர இரண்டுக்கும் எடுத்துவிடுங்கள். அன்று காலை நிலையத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். எடுத்துவிட்டால் கப்பல் சுற்றுலா தேவையே இல்லை. அவர்களும் அதே ரயிலில்தான் உட்கார வைக்கிறார்கள், நிலையம் மேடையிலிருந்து சில நிமிட நடை.

சீட்டு கிடைக்காவிட்டால்? வருத்தப்படாதீர்கள். என்னைக் கேட்டால் ரயிலைவிட நேரோய்ஃபியோர்ட் படகுதான் மேல். உங்கள் கப்பல் சோங்னஃபியோர்டு வழியாக வந்து ஔர்லான்ட்ஸ்ஃபியோர்டுக்குள் திரும்பி ஃப்ளோமில் நிற்கும். யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த நேரோய்ஃபியோர்டு பக்கத்துக் கிளை. பெரிய கப்பல் பொதுவாக அதற்குள் போகாது. மிகக் குறுகலான இடத்தில் அதன் அகலம் சுமார் 250 மீட்டர்தான். ஃப்ளோமிலிருந்து குட்வாங்கனுக்குச் சத்தமே போடாத மின்படகுகள் ஓடுகின்றன. இரண்டு மணி நேரப் பயணம், அங்கிருந்து திரும்பச் சுரங்கப்பாதை வழியே பேருந்தில் அரைமணிக்குள் ஃப்ளோம். அப்பா உள்ளே கண்ணாடி ஓரமாகக் கதகதப்பாக உட்கார்ந்தே எல்லாம் பார்க்கலாம். படகையும் திரும்பும் பேருந்தையும் ஒரே சீட்டாக எடுங்கள். படகு மட்டும் எடுத்துப் போய்விட்டுக் குட்வாங்கனில் பேருந்தைத் தேடி நிற்க வேண்டாம். நேரம் குறைவென்றால் ஸ்டேகாஸ்டைன் காட்சிமேடைக்குப் போகும் பேருந்து இருக்கிறது. ஃபியோர்டுக்கு மேலே 650 மீட்டர் உயரத்தில், மலையிலிருந்து 30 மீட்டர் வெளியே நீட்டிக் கட்டிய மேடை. ஒன்றரை மணி நேரத்தில் போய்வரலாம். கப்பல் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் ரயில், படகு இரண்டுமே முடியும். முதலில் படகு, பிறகு ரயில், நடுவே ஒரு மணி நேர இடைவெளி. கடைசியில் வருவது மேடைக்குப் பக்கத்து நிலையமாக இருக்கும்.

இனி கெய்ராங்கர். இந்த ஃபியோர்டுக்குள் நுழைவதற்கு முன் பல கப்பல்கள் ஹெல்லசில்ட் என்ற ஊரில் கொஞ்ச நேரம் நிற்கும், கப்பல் சுற்றுலா வாங்கியவர்களை மட்டும் அங்கே இறக்கிவிடும். அவர்கள் மலைப்பாதை வழியே பேருந்தில் வந்து கெய்ராங்கரில் கப்பலைப் பிடிப்பார்கள். ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறுகிற இந்த வசதி நமக்குத் தரமாட்டார்கள். முழுப் பயணத்திலும் ஒரே ஒரு கப்பல் சுற்றுலா வாங்குவதென்றால் இதை வாங்குங்கள் என்பேன். ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு. ஏழு சகோதரிகள் அருவி வரிசையைக் கடந்து கப்பல் மெதுவாக உள்ளே போகும் நேரத்தில் நீங்கள் பேருந்தில் இருப்பீர்கள். திரும்பும்போது அதே வழியாகத்தான் கப்பல் வரும் என்பதால் அப்போது மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கவில்லை என்றாலும் குறையில்லை. கெய்ராங்கரில் கப்பல் நங்கூரமிட்டு நிற்கும். டெண்டர் என்கிற சிறு படகிலோ, கடலுக்குள் நீட்டப்படும் மிதக்கும் நடைபாலம் வழியாகவோ கரைக்குப் போக வேண்டும். டெண்டர் என்றால் கப்பல் சுற்றுலாக்காரர்களைத்தான் முதலில் அனுப்புவார்கள், நமக்கு எண் போட்ட சீட்டு கொடுத்து உட்கார வைப்பார்கள். எனவே கப்பல் எட்டு மணிக்கு வந்தால் உள்ளூர்ப் பேருந்தைப் பத்தரைக்கு முன் பதிவு செய்யாதீர்கள். ஃப்ளீடால்ஷூவெட் காட்சிமுனைக்கும், 11 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கழுகுச் சாலைக்கும் கோடையில் உள்ளூர்ச் சுற்றுலாப் பேருந்துகள் உண்டு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள டால்ஸ்னிப்பா தெளிவான நாளில் அற்புதம். மேகம் இறங்கினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். பணத்தைத் திருப்பித் தருகிற பதிவு என்றால் மட்டும் முன்கூட்டியே எடுங்கள். ஊருக்குள்ளேயே அருவியை ஒட்டி 327 படிகள் கொண்ட நடைபாதை ஒன்று இருக்கிறது. மேலே ஃபியோர்டு மையம் என்கிற அருங்காட்சியகம் வரை பேருந்தில் போய்விட்டு நீங்களும் அம்மாவும் படியில் இறங்கி வரலாம். அப்பா அதே பேருந்தில் திரும்பட்டும்.

பெரிய கப்பல்கள் இந்த ஃபியோர்டுகளுக்குள் போவதற்கே தடை வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நார்வே வைத்த விதி, கெய்ராங்கர், நேரோய் போன்ற உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் புகை வெளியிடாத கப்பல்கள் மட்டும் போகலாம் என்பது. 10,000 டன்னுக்கு உட்பட்ட கப்பல்களுக்கு 2026 ஜனவரியிலிருந்தும், பெரியவற்றுக்கு 2032லிருந்தும். ஆகவே உங்கள் கப்பலுக்கு இப்போதைக்குச் சிக்கல் இல்லை.

ஸ்டாக்ஹோமுக்கு வந்தால், கப்பல் நைனஸ்ஹாம்னில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நின்றால், கப்பல் நிறுவனம் நகரத்துக்கு ஒரு பேருந்து மட்டும் விட்டு அதற்கே நல்ல விலை கேட்கும். அங்கே உள்ளூர் ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான், ஸ்டாக்ஹோமின் எஸ்.எல். நகரப் போக்குவரத்துச் சீட்டே அங்கேயும் செல்லும், நகரத்துக்கு ஒரு மணி நேரம். எட்டு மணி நேர நிறுத்தத்தில் போக ஒன்றரை, வர ஒன்றரை, கடைசி இடைவெளி ஒன்றரை போனால் கையில் மூன்றரை மணி நேரம். அதில் வாசா அருங்காட்சியகமும் பழைய நகரமான காம்லா ஸ்தானும் பார்க்கலாம், வேறெதற்கும் ஆசைப்படக் கூடாது. வாசா 1628இல் முதல் பயணத்திலேயே, கிளம்பிய சற்று நேரத்தில் கவிழ்ந்த போர்க்கப்பல். 1961இல் மேலே தூக்கினார்கள், கிட்டத்தட்ட முழுக்கப்பலும் அப்படியே நிற்கிறது. ஜூன் என்கிறீர்கள், அதனால் இன்னொன்று: 19லிருந்து 25க்குள் வரும் வெள்ளிக்கிழமை ஸ்வீடனில் மிட்சம்மர் விழாவுக்கு முந்தின நாள். கடைகள், உணவகங்கள் பல மூடிக் கிடக்கும், ரயில்களும் குறையும். உங்கள் தேதி அதில் விழுகிறதா என்று பாருங்கள்.

விசா: டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அதிக நாள் இருக்கப் போகும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பாதையில் அது நார்வே, கப்பல் ஏறுவது டென்மார்க்காக இருந்தாலும். ஷெட்லாண்ட் போன்ற பிரிட்டிஷ் துறைமுகம் ஏதாவது நடுவில் இருந்தால் பிரிட்டன் விசாவும், பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவும் தேவைப்படும்.

மூன்று நாட்டுக்கும் குரோன்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு பணம். மாற்றிக்கொண்டு போகாதீர்கள், கழிப்பறைக் கட்டணம் வரை அட்டையில் கட்டலாம். அட்டை இயந்திரம் 'ரூபாயில் கட்டுகிறீர்களா?' என்று கேட்டால் வேண்டாம் என்று உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்கு மாற்றும் விகிதம் நமக்கு நஷ்டம். கைபேசியைக் கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் 'ஏர்பிளேன் மோடில்' போடுங்கள், இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் வலையில் சேர்ந்து பில் எகிறும். சாப்பாட்டுக்கு, காலையில் கப்பலிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். நடுவில் கிவி, ரேமா 1000 போன்ற மளிகைக் கடைகளில் ரொட்டி, தயிர், பழம் வாங்கினால் சைவக்காரர்களும் சமாளிக்கலாம். நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் திறக்காது, அதற்கு முந்தின நாளே வாங்கி வைக்க வேண்டும்.

வெளியில் எந்தச் சுற்றுலா எடுத்தாலும், கப்பல் அந்த ஊருக்கே வராமல் போனால் பணம் திரும்புமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். காற்று பலமாக இருந்தால் கெய்ராங்கர் மாதிரி நங்கூரமிடும் இடங்களைக் கப்பல் தலைவர் தவிர்த்துவிடுவார். கப்பல் சுற்றுலா என்றால் பணம் தானாகத் திரும்பும், வெளியில் எடுத்ததற்கு அப்படி இல்லை. முன்பதிவு செய்யும் வரிசை: முதலில் ஃப்ளோம் ரயில் அல்லது படகு, அடுத்து பெர்கன் மலை ரயில், லீசஃபியோர்ட் படகு. ஓஸ்லோ, ஸ்டாக்ஹோம் சீட்டுகளை அந்தந்த ஊரில் இறங்கிய பிறகு எடுத்தால் போதும்.